நாலு பேருக்கு ஆக்கிய கறி

நான் ஆக்கிய கறியைத் தின்றுவிட்டு என் மாமியார் விரலை நக்கினார். நக்கிய அதே விரலை என் பக்கம் நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மகளிடம், "இது பொம்பளை கத்துக் குடுத்த கைப்பாகமாக்கும் சாமி" என்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே அவருடைய தோட்டத்து வீட்டில் நடந்தது இது. அந்த விரல் நீண்டபோது என் வாயில் ஒரு எலும்புத் துண்டு இருந்தது. அதைக் கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என் வீட்டுக்காரி தலை நிமிரவில்லை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தாள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் சிக்கியது எப்பேர்ப்பட்ட சிக்கல் என்று விளங்கும். நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கவில்லை. வாத்தியார் அடித்ததால் நின்றேன் என்று ஊரில் சொல்வார்கள், பொய். எங்கள் காட்டுக் கிணறு வற்றியதால் நின்றேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி எங்கள் ஊருக்குள் முதல்முதலாக வந்தபோது, அதன் பின்னாலேயே போனவன் நான். பைப் தூக்கினேன், கிரீஸ் அடித்தேன், அடுத்த சில வருசத்தில் வண்டியை இயக்கும் டிரில்லர் ஆனேன். பாறை உடைபடும் சத்தத்தைக் கேட்டே கீழே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வேன். படித்துவிட்டு வந்த இன்ஜினீயர்கள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்குத் திருச்செங்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி என் பெயரைச் சொன்னால், கேட்டவரே உங்களை வண்டியில் ஏற்றி என் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவார். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

அந்த வருசம் எங்கள் ரிக் ராஜஸ்தானில் ஓடியது. ஜோத்பூரையும் தாண்டி, கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் முள்ளுமாக இருக்கும் ஓர் ஊரில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார் வீட்டுக்குப் போர் போட்டோம். பாதி ஆழம் போனதும் மேல்மண் சரிந்து உள்ளே விழுந்தது. பாறையை உடைக்கிற ஹேமர் குழிக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. மேலே இழுத்தால் வரவில்லை, கீழே தள்ளினால் இறங்கவில்லை. தொழிலில் இதைவிடக் கேவலமான நிலைமை கிடையாது. ஊரிலிருந்து வேறு சாமான் லாரியில் வந்து சேரும் வரை வண்டியை விட்டு நகர முடியாது. மற்ற ஆட்கள் பக்கத்து டவுனுக்குப் போய்க் கிடந்தார்கள். டிரில்லர் என்பதால் நான் மட்டும் வண்டியோடு ஹவில்தார் வீட்டுக் கொட்டகையில் கிடந்தேன். அங்கேதான் அந்தச் சிவப்புக் கறியைக் கற்றேன். அவர்கள் லால் மாஸ் என்பார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பெண்கள் கறியைத் தொட மாட்டார்கள்; சமையற்கட்டுக்குள் கறிச்சட்டி நுழையக் கூடாது. கறி ஆக்குவது ஆண்கள் வேலை. அதுவும் வீட்டுக்குப் பின்னால், தனி அடுப்பில், தனிச் சட்டியில். அந்த ஹவில்தார் ஆறடி ஆள். கன்னத்தை மறைக்கும் மீசை. சண்டையில் குண்டு பாய்ந்த காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, மண் தரையில் குந்தி, பூண்டை ஒவ்வொரு பல்லாக நகத்தால் உரிப்பார். மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, விதையை உதறி, சந்தனம் மாதிரி அரைப்பார். கடைந்த தயிரைக் கறியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, திரியாமல் கிண்டிக்கொண்டே இருப்பார். சட்டியின் விளிம்பில் மசாலா தெறித்தால் துணியால் துடைத்துவிடுவார். "மிளகாய் முன்னால் ஓடி வரக் கூடாது. நிறம் முதலில் வரட்டும், காரம் பின்னால் நடந்து வரட்டும்" என்று இந்தியில் சொல்வார். எனக்கு இந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் பேசினால் டெல்லிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவர் ஒரு தடவை செய்ததை நான் பார்த்தேன். இரண்டாம் தடவை நான் செய்தேன், அவர் பார்த்தார். மூன்றாம் தடவை அவர் பார்க்கவே இல்லை, கட்டிலில் படுத்துக்கொண்டார். என் கை அப்படிப்பட்ட கை.

கிளம்பும்போது, தன் தலைப்பாகைத் துணியில் ஒரு முழம் கிழித்து, அந்த ஊர் மிளகாயை அதில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். சிவப்புத் துணி, அதில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாகச் சாயம் போட்டிருந்தது. அங்கே ஆண்கள் தலையில் கட்டுவதெல்லாம் அப்படித்தான் இருக்கும். நானும் சந்தோசமாக வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அதைத் தூக்கி வழியில் எங்காவது எறிந்திருக்கலாம்.

மழைக்காலத்தில் ரிக் ஓடாது, சேற்றில் இறங்கிவிடும். அதனால் ஆடிக்கு ஊருக்கு வந்துவிடுவோம். ஆடி ஒன்றாம் தேதி எங்கள் பக்கம் தேங்காய் சுடும் பண்டிகை. தேங்காய்க்குள் வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் போட்டு, குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுவோம். அதற்கு மாமியார் வீட்டில் அழைத்திருந்தார்கள். தேங்காய் வாட்டும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். வடக்கே நான் தின்ற கறியைப் பற்றிச் சொன்னேன். என் மச்சினன், "மாமா, வாயிலயே ஆக்கிப்போட்டா எங்களுக்கு வயிறு ரொம்புமுங்களா?" என்று கிண்டலடித்தான். "நாளைக்கு ஆக்கிக் காட்டறேன் பாரு" என்றேன். மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாப்பளைங்க ரிக்கைத்தான் ஓட்டுவீங்கன்னு நெனச்சனுங்க, கரண்டியும் ஓட்டுவீங்களா?"

அடுத்த நாள் வெள்ளாட்டுக் கறி வந்தது. வாசலில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினேன். கறிக்குத் தயிர் கேட்டதும் மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "தயிரையும் கறியவும் ஒண்ணாச் சேத்தா உடம்பு வெள்ளை வெள்ளையாப் போயிருமுங்க" என்றார். அதற்கு நான் ஒரு பேச்சுப் பேசினேன். பட்டாளத்தையே அந்தக் கறிதான் காப்பாற்றுகிறது என்கிற அளவுக்குப் பேசினேன். பிறகு மூட்டையை அவிழ்த்தேன். அவர் மிளகாயைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். நெசவுக்கார ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த கை அது. திரும்பிப் போய் வாசற்படியில் உட்கார்ந்து, நான் கறி ஆக்குவதை ஆரம்பத்திலிருந்து முடியும் வரை கண் இமைக்காமல் பார்த்தார். அவர் அதிசயத்தில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இருக்கிற வித்தையெல்லாம் காட்டினேன். குந்தி உட்கார்ந்து பூண்டு உரித்தேன். தயிர் திரியாமல் கிண்டினேன். சட்டி விளிம்பைத் துடைத்தேன். கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தணலை வைத்து, அதில் நெய் ஊற்றி, புகை எழும்பியதும் சட்டிக்குள் இறக்கி மூடி போட்டேன். மச்சினன் வாயைப் பிளந்தான்.

மாமியார், மச்சினன், என் வீட்டுக்காரி, நான். நாலு பேர் தின்றோம். பிள்ளைகளுக்குக் காரம் என்று ரசஞ்சோறு. அப்புறம்தான் அந்த விரல் நீண்டது.

"அத்தை, எனக்குக் கத்துக் குடுத்தது ஒரு மீசைக்காரருங்க" என்றேன்.

"ஏனுங்க மாப்பளைங்க, நானும் எத்தனையோ கெடாவெட்டு பாத்திருக்கறன். நம்ம ஆம்பளைங்க கறி ஆக்குனா குண்டான் வெச்சு ஆக்குவாங்க. நின்னுக்கிட்டுக் கிண்டுவாங்க. மொளகாய அள்ளிக் கொட்டுவாங்க. நாலு பேருக்கு அளந்து, குந்தி உக்காந்து, சட்டி வாயத் தொடச்சு ஆக்கறது ஊட்டுக்காரி பழக்கமுங்க. அது பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் வரும்."

"அங்க ஆம்பளைங்கதானுங்க ஊட்ல கறி ஆக்கறது."

"பட்டாளத்துக்காரரு பூண்டு உரிச்சாரா? சரிங்க. அந்தப் பொட்டுத் துணி?"

"அது அவரு தலைப்பாகைங்க!"

மச்சினன் சிரித்துவிட்டான். ஆறடி மீசைக்காரர், சிவப்பில் பொட்டுப் போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, அடுப்பு முன்னால் குந்திப் பூண்டு உரித்தார் என்று நான் சொல்கிறேன். எனக்கே கேட்கும்போது பொய்யாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் ஆம்பிளைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. சாயத்தில் பொட்டு வைத்தது பெண்டுகள் துணி. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. சண்டை கிடையாது, அழுகை கிடையாது. நாங்கள் கிளம்ப வேண்டிய நாளில், "பொண்ணும் புள்ளைங்களும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுங்க" என்றார் மாமியார். நான் மட்டும் தனியாக ஊருக்குப் போனால், பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்தான் என்று அடுத்த நாளே பேச்சு வரும். அதனால் நானும் அங்கேயே கிடந்தேன். மாப்பிள்ளை மாமியார் வீட்டில் விருந்துக்கு மேல் தங்கினால் எப்படி இருக்கும் என்று தங்கியவனுக்குத்தான் தெரியும். தோட்டத்தில் வேலை செய்யப் போனால், "மாப்பளைங்க மம்முட்டியப் புடிக்கலாமுங்களா" என்று பிடுங்கிக்கொள்வார்கள். கட்டிலில் உட்கார்ந்தால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். சுற்றிலும் மரவள்ளிக் காடு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. இரண்டு வேளை இலை போட்டு, தலை குனிந்து பரிமாறுவாள் என் வீட்டுக்காரி. நான் பேசினால், "பேச்சுல மயக்கப் பாக்கறாரு" என்று மாமியார் மாட்டிடம் சொல்வார். பேசாமல் இருந்தால், "நெனப்பு இங்க இல்லீங்களாட்ட இருக்குது" என்பார். ஹேமர் குழிக்குள் சிக்கினால் டிரில்லர் மேலே நின்று பார்ப்பான். உள்ளே கிடக்கிற ஹேமருக்கு எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரே கறி வாங்கிவரச் சொன்னார். "அந்தக் கறிய இன்னொருக்கா ஆக்குங்க, பாக்கலாம்" என்றார். என் மூளை வேலை செய்தது. நம்ம ஊர் ஆம்பிளை ஆக்குவது போல ஆக்கிவிட்டால் தீர்ந்தது. குண்டானை ஏற்றினேன். நின்றுகொண்டே கிண்டினேன். மிளகாயை அள்ளிக் கொட்டினேன், உப்பைக் கை நிறையப் போட்டேன், தயிர் திரிந்து திப்பிதிப்பியாக மிதந்தது. நாய்கூட யோசிக்கும் கறி. மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "அவ நெனப்பாவே ஆக்குனா உப்பு எப்படிங்க தெரியும்?" என்றார். நன்றாக ஆக்கினாலும் அவள், கெடுத்தாலும் அவள். இல்லாத ஒருத்தி அந்த வீட்டில் என்னைவிட வசதியாகக் குடியிருந்தாள்.

ஆவணி பிறந்ததும் முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. ரிக் வடக்கே கிளம்புகிறது, வராவிட்டால் வேறு டிரில்லரை ஏற்றுவோம் என்று. நான் இல்லாமல் அந்த வண்டி ஓடாது என்று நினைத்திருந்தேன். ஓடும் போலிருக்கிறது. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரியிடம் குரலை உயர்த்தினேன். மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இப்பிடி அடச்சுப்போட்டா மனுசன் எப்பிடி இருக்கறது? எனக்கு மூச்சு முட்டுது."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "ஒரு மாசத்துக்கே மூச்சு முட்டுதுங்களா? கண்ணாலமாயி வந்ததிலிருந்து நானு உங்க காட்டுக்குள்ளதானுங்க கெடக்கறன். வருசத்துக்கு ஒருக்கா வாரீங்க, ரிக்கு கதையாச் சொல்றீங்க, போயிர்றீங்க. எனக்கு யாருங்க கொட்டகை குடுத்து, கறியாக்கக் கத்துக் குடுத்தாங்க?"

"அப்ப எங்கூட வா. வந்து கண்ணாலயே பாரு."

"ரிக்குல பொம்பளை கால் வெச்சா போர்ல தண்ணி வராதுன்னு போன வருசம் நீங்கதானுங்க சொன்னீங்க."

சொன்னேன்தான். எங்கள் வண்டியில் அப்படி ஒரு பேச்சு உண்டு. அதைப் பெரிய ரகசியம் போல அவளிடம் அளந்துவிட்டவன் நான்தான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் மாமியார்தான் ஒரு வழி சொன்னார். தோட்டத்துக்குப் பக்கத்தில் முனியப்பன் கோயில் இருக்கிறது. அங்கே சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு மேல் கேள்வி கிடையாது. எங்கள் பக்கம் கோர்ட்டைவிட அது பெரிது. பொய்ச் சத்தியம் செய்த குடும்பம் விளங்காது என்பார்கள். "அணைச்சுட்டு ராஜாவாட்டப் போயிருங்க மாப்பளைங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தேன். மச்சினன் கல்லின் மேல் சூடத்தை வைத்துப் பற்றவைத்தான். நான் முனியப்பன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எந்தப் பயமும் இல்லை. கையை நீட்டினேன்.

என் மணிக்கட்டை என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். சாணி அள்ளி, தண்ணீர் இறைத்துக் காய்த்த கை. இரும்புப் பிடி.

"வேண்டாமுங்க மாமா. சத்தியம் பண்ண வேண்டாம்."

"ஏன் சாமி?" என்றார் மாமியார்.

"பொய்யாப் போச்சுன்னா முனியப்பன் எடுத்துக்கறது என்ற தாலியத்தானுங்கம்மா? எனக்கு இவரு வேணும். எப்பிடியிருந்தாலும் வேணும்."

சூடம் தானாகவே எரிந்து அணைந்தது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் உயிர் போகக் கூடாது என்று கையைப் பிடிக்கிறாள். அப்படியென்றால் நான் பொய்தான் சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்திருக்கிறாள். என்மேல் அப்படியொரு ஆசையை அதுவரை யாரும் காட்டியதில்லை. அந்த ஆசையாலேயே எனக்கிருந்த ஒரே கதவும் அடைபட்டது. இனி நான் தனியாக வந்து ஆயிரம் சூடம் அணைத்தாலும் அது அவள் பேச்சை மீறியதாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "வடக்க வேண்டாமுங்க. ஆந்திராப் பக்கம் ஓட்டுங்க. மாசத்துக்கு ஒருக்கா வந்து போயிருங்க" என்றார். நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல. ஆனாலும் கட்டுப்பட்டேன். வேறு ரிக் ஏறினேன். கடப்பா பக்கத்துப் பாறை துளை போடும் இரும்பு பிட்டையே தின்னும் பாறை. அதிலும் பேர் வாங்கினேன். பிற்பாடு சொந்த வண்டி எடுத்தேன், ஒன்று இரண்டாகி மூன்றானது. மாமியார் சொன்னதைக் கேட்டதால்தான் முன்னேறினேன் என்று மச்சினன் சொல்லித் திரிகிறான். கிடையாது. எங்கே போயிருந்தாலும் முன்னேறியிருப்பேன். ஹவில்தாரை மட்டும் அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை. என் வண்டிகள் ராஜஸ்தானுக்குப் போயிருக்கின்றன, என் மகன் போயிருக்கிறான், நான் போகவில்லை. போகிறேன் என்று சொன்னால் அவள் பழையபடி தலை குனிந்து பரிமாற ஆரம்பித்துவிடுவாள். கறியையும் நான் திரும்ப ஆக்கவே இல்லை. மாமியார் சாகும் வரை என்னை 'மாப்பளைங்க' என்று மரியாதை குறையாமல்தான் சந்தேகப்பட்டார். கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் இருந்தார். நல்ல மனுசி.

போன தை மாதம் பேரன் கல்யாணம் முடிந்து மறுநாள் கறிவிருந்து வைத்தோம். சேலத்திலிருந்து வந்த சமையல்காரர்கள் ஏதோ வடநாட்டு அயிட்டம் என்று ஒரு சிவப்புக் கறியும் பரிமாறினார்கள். நானும் என் வீட்டுக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இப்போது அவளுக்குத் தலை முழுக்க வெள்ளை. பாதிப் பல் இல்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"ஏனுங்க, அவ பக்குவம் வரலீங்க."

கோபமோ குத்தலோ இல்லை. விசேசத்துக்கு வர முடியாமல்போன நாத்தனாரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். 'அவள் இல்லை, அவர்' என்கிற பழைய பதில் என் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் கறியைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. புகை ஏறவில்லை, மிளகாய் முந்திக்கொண்டு ஓடுகிறது.

"வரலைதான்" என்றேன்.

அவள் முகம் திரும்பியது. இத்தனை வருசத்தில் நான் அவளுக்குச் சொன்ன முதல் உண்மையைக் கேட்டவள் போல என்னைப் பார்த்தாள். பிறகு பந்தியில் யாருக்கும் கேட்காதபடி, என் காதோரம் குனிந்தாள்.

"எனக்கு வருத்தமெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க. பாவம், அவளும் காத்துக்கிட்டுத்தானே கெடந்திருப்பா. அவ பேரென்னங்க? பேரையாவது சொல்லுங்க."

எந்தச் சபையிலும் பேச்சுக்குத் தடுமாறாதவன் நான். யாரும் இல்லை என்றால், இந்த வயதிலும் என்னிடம் மறைக்கிறாரே என்று அவள் மனசு உடையும். ஏதாவது ஒரு பேரைச் சொன்னால், அந்தப் பேரில் ஒருத்தி பிறந்துவிடுவாள். அவள் காத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். அதில் ஒரு கவளம் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

"சொல்ல மனசில்லீன்னா இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தன் இலையில் இருந்த நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து என் இலையில் வைத்தாள்.